முப்பது பிளாப்பிகள்

1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் வந்தது. அன்றைக்கு அது கடல். அதை மொண்டு வைக்கக் கிடைத்ததோ 360 கேபி பிளாப்பி! டிஸ்க் நிரம்பியிருந்தால் ஏறக்குறைய முப்பது பிளாப்பிகள் வேண்டும்.

டாஸில் ‘பேக்கப்’ என்று தட்டினால், ஒவ்வொன்றாகச் செருகச் சொல்லும். லேபிளில் 1, 2, 3 என்று எழுதி வைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்; ‘ரீஸ்டோர்’ அதே வரிசையில் திருப்பிக் கேட்கும். நடுவில் ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தால், அதிலிருந்த கோப்புகளுக்குத் தலைமுழுக வேண்டியதுதான்.

விண்டோஸ் வந்த பிறகும், கோப்பு மீண்டாலும் சிஸ்டம் மீளாது. விண்டோஸை மறுபடி ஏற்றி, டிரைவர் தேடி அலைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அந்தத் தலைவலிக்கு மருந்து நியூசிலாந்தில் பிறந்தது. முர்ரே ஹஸார்ட் உருவாக்கிய ‘கோஸ்ட்’, டிஸ்க்கை அப்படியே அச்செடுத்துக் கோப்பாக்கியது. 1998இல் சைமன்டெக் அதை வாங்கியது.

2000இல் விண்டோஸ் எம்இ ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ கொண்டுவந்தது. பெயரை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு: அழிந்த கல்யாணப் படங்களை அது திருப்பித் தராது.