விரலில் வைத்த மை

தேர்தல் நாளன்று வாக்களித்துத் திரும்பும் நம் இடக்கைச் சுட்டுவிரலில் ஒரு கரிய கோடு நிற்கின்றது. சோப்பாலும் எண்ணெயாலும் அது போவதில்லை. அந்த மை எங்கிருந்து வந்தது என்று ஆராயப் புகுந்தால், விஞ்ஞானமும் தொழிலும் கைகோத்த வரலாறு ஒன்று புலப்படும்.

1942 ஆம் ஆண்டில் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் ஆதரவில் எழுந்தவற்றுள் ஒன்று புது தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம். 1947 ஜனவரியில் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள். அக்கூடம் அமைந்துள்ள வீதி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இக்கூடத்து விஞ்ஞானிகள் வகுத்ததே அழியா மை. அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கின்றது. தோல் உதிர்ந்து, நகம் வளர்ந்தாலன்றி அது நீங்காது. ஆனால் குடுவையில் சிறிது மை செய்வது வேறு. கோடிக்கணக்கான விரல்களுக்கு ஒரே தரத்தில் செய்வது வேறு. ஆராய்ச்சிக்கூடம் கடை விரிக்கும் இடமன்று. ஆலைக்கோ சூத்திரம் தெரியாது. இவ்விரண்டிற்கும் பாலமாகவே 1953 இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. கண்டுபிடிப்பை உரிமமாக ஆலைக்கு அளித்து, அதற்குரிய கட்டணம் பெறுவது அதன் பணி.

அவ்வழியே மை மைசூருக்குச் சென்றது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937 இல், அரக்கும் வர்ணமும் செய்யத் தொடங்கிய ஆலை, 1962 பொதுத் தேர்தலுக்கு மை வழங்கியது. இன்றும் வழங்கி வருகின்றது. அயல்நாடுகள் பலவும் அதனை வாங்குகின்றன. ஒருவர் இருமுறை வாக்களியாதபடி தடுத்து, ஏழையின் வாக்கைச் செல்வரின் வாக்கிற்குச் சமமாக நிறுத்துவதில் இச்சிறு துளிக்குப் பெரும் பங்கு உண்டு.

அன்று ஆராய்ச்சியின் பயனை ஏற்கப் பெரும்பாலும் ஆலை உடையவர்க்கே இயன்றது. இன்று முதலற்ற இளைஞர்க்கும் வழி உண்டு. புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடத்தைச் சார்ந்து 2007 இல் தோன்றிய வென்ச்சர் சென்டர், புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கு இடமும் கருவிகளும் ஆலோசனையும் அளிக்கின்றது.

நம் குடியிருப்பில் விஞ்ஞானம் பயிலும் பிள்ளைகள் பலர். பட்டம் பெற்றதும் உத்தியோகம் தேடச் சொல்வது, உத்தியோகத்தை நம்பியே ஊர்விட்டு வந்த நமக்கு இயல்பே. எனினும், கற்ற கல்வியைப் பொருளாக்கிப் பிறர்க்கும் வேலையளிக்கும் பாதையொன்று திறந்திருப்பதைப் பெற்றோராகிய நாம் அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.