சுனி கோஸ்வாமி

சுபிமல் கோஸ்வாமி (15 ஜனவரி 1938 – 30 ஏப்ரல் 2020) இந்திய உதைபந்தாட்ட அணியின் தலைவராகவும் வங்காளக் கிரிக்கெட் அணியின் தலைவராகவும் இருந்தவர், பிற்காலத்தில் பயிற்றுநர். செல்லப்பெயரான ‘சுனி’யே நிலைத்துவிட்டது. இன்றைய வங்காளதேசத்திலுள்ள கிஷோர்கஞ்சில் பிறந்தார். மாணவப் பருவத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்காக இரு ஆட்டங்களும் ஆடினார்.

எட்டு வயதில் மோகன் பகான் கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்தார். 1954 இல் முதல் அணிக்கு வந்து, 1968 இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்தின் சட்டையை அணியவில்லை. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு தடுப்பாளர்களைக் கடந்துபோவதே அவருடைய ஆட்டம். பி. கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் ஆகியோரோடு அவர் அமைத்த முன்வரிசைக்கு இணையானது இந்தியாவுக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவரே தலைவர். பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. தென் வியட்நாமுடனான அரையிறுதியில் 3–2 என வென்றபோது இரண்டு கோல்கள் சுனியுடையவை. போட்டியை நடத்திய நாடு இஸ்ரேலையும் தாய்வானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், செப்டெம்பர் 4 இறுதிப்போட்டியில் அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலையில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல், பானர்ஜி ஒரு கோல். அதே கொரியாவை 2–1 என வென்று தங்கம். ஆசிய உதைபந்தாட்டத் தங்கம் அதற்குப் பின் இந்தியாவுக்கு வரவேயில்லை. 1964 இல் ஆசியக் கிண்ணத்தில் இரண்டாமிடம் பெற்ற கையோடு, இருபத்தாறு வயதில் சர்வதேச ஆட்டத்தை விட்டார். அவசரப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

கிரிக்கெட்டுக்கு அது ஆதாயமாயிற்று. 1966 டிசம்பரில் இந்தோரில் மத்திய, கிழக்கு மண்டலங்களின் கூட்டணி மேற்கிந்தியத் தீவுகளை இனிங்ஸால் வீழ்த்தியபோது சுனி எட்டு விக்கெட்டுகள் எடுத்தார். 1968–69 ரஞ்சிக் கிண்ண இறுதிப்போட்டியில் பம்பாய்க்கு எதிராக 96, 84 ஓட்டங்கள். 1971–72 இல் வங்காளத்தை இறுதிப்போட்டிவரை நடத்திச் சென்றார். அங்கும் பம்பாயே வென்றது.

பயிற்றுநர் வாழ்க்கை இதே உயரத்தை எட்டவில்லை. 1986 இல் ஜம்ஷெட்பூரின் டாட்டா உதைபந்தாட்டக் கழகப் பயிற்சிப் பள்ளிக்கு முதல் இயக்குநரானார். 1991–92 இல் தேசிய அணியைப் பயிற்றினார். அதில் சொல்லிக்கொள்ளும்படி வெற்றியில்லை. பயிற்சிப் பள்ளிதான் நின்றது: ரெனடி சிங், மகேஷ் காவ்லி, சுப்ரதா பால் எனப் பின்னாளைய தேசிய வீரர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

அர்ஜுனா விருது 1963 இலும் பத்மஸ்ரீ 1983 இலும் கிடைத்தன. 82ஆவது பிறந்தநாளில் இந்திய அஞ்சல்துறை அவருக்கு முத்திரை வெளியிட்டது. 2020 மார்ச் 20 இல் பானர்ஜி இறந்தார். நாற்பத்தொரு நாள் கழித்து சுனி.