தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து

தமிழ்நாட்டின் தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 வரை நடந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி இதை நடத்தியது. கப்பலைப் பிடிக்க எழும்பூரிலிருந்து திருச்சி வழியாகச் சென்ற ரயிலை மக்கள் ‘போட் மெயில்’ என்றார்கள்.

பாக் நீரிணையைத் தோணியில் கடப்பது மிகப் பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். பின்னர் தூத்துக்குடி–கொழும்பு நீராவிக் கப்பல் முதன்மை வழியாயிற்று.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் ரயில் தனுஷ்கோடி வரை ஓடத் தொடங்கியது. போக்குவரத்தின் தொடக்க நாளாகப் பிப்ரவரி 24ஐயும் மார்ச் 1ஐயும் குறிப்பர்; முன்னது திறப்பு விழாவையும் பின்னது வழக்கமான ஓட்டத்தையும் குறிக்கலாம். கம்பெனியின் முதல் மூன்று கப்பல்களான கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகியவை வைசிராய்களின் பெயர் தாங்கியவை. இர்வின், கோஷன் என்பவை பின்னர் வந்தன.

கடல்வழி சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் அட்டவணை வகுப்பது அத்தனை எளிதன்று. இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ், இலங்கைப் பக்கம் அகலப்பாதை. ஆகவே பயணிகளும் மூட்டை முடிச்சுகளும் இருமுறை இறங்கி ஏறியாக வேண்டும். இரவில் எழும்பூரில் ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியில் கப்பலேறி, மாலையில் தலைமன்னாரில் இறங்கி, அதற்கடுத்த காலை கொழும்புக் கோட்டை நிலையத்தை அடைந்தார். இரண்டு ரயில், ஒரு கப்பல், எல்லாவற்றுக்கும் ஒரே பயணச்சீட்டு. சேதுத் திட்டின் மீதே தண்டவாளம் போடும் யோசனையும் எழுந்தது, செயலுக்கு வரவில்லை.

கொழும்பில் இறங்கிய ஐரோப்பியப் பயணிகள் இவ்வழியே மதுரை, திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைக் கோயில் ஆகியவற்றைக் காண வந்தனர். கம்பெனியும் அவர்களுக்கெனப் படங்களோடு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈழத்து அடியார்கள் இராமேசுவரத்திலிருந்து ஸ்ரீரங்கம், சிதம்பரம் வரை சென்றனர். இங்கிருந்து கதிர்காமம் போனவர்களும் உண்டு. 1920களின் இறுதியில் முடிந்த விழுப்புரம்–திருச்சி கார்டு பாதை ஸ்ரீரங்கத்தையும் முதன்மைத் தடத்தில் சேர்த்தது.

எனினும் இக்கப்பல்களின் வரலாற்றைச் சுற்றுலாவாக மட்டும் எழுதுவது பிழையாகும். மூன்றாம் வகுப்பை நிரப்பியவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களைத் திரட்டி அனுப்பிய இலங்கைத் தொழிலாளர் ஆணையம் 1904இல் தோட்டத் துரைமாரின் முயற்சியில் தோன்றியது. அதன் தலைமை அலுவலகமும் திருச்சியில்தான் இருந்தது. ரயிலை ஓட்டிய கம்பெனியும் அதில் ஏறுவோரைத் திரட்டிய ஆணையமும் ஒரே ஊரில் அமைந்தது தற்செயலன்று: திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய ஆள் திரட்டும் வட்டாரங்களுக்கெல்லாம் அது நடுவிடம். ஊரில் ஆள் திரட்டிய கங்காணியோடு வந்த குடும்பங்களுக்குக் காகிதச் சீட்டு இல்லை. தோட்டப் பகுதியைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்றே கழுத்திலோ கையிலோ கட்டப்பட்டது. அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். இந்தச் சிறு தகரத்தில் ஒரு மனிதரின் ஊரோ பெயரோ இல்லை, போய்ச் சேரவேண்டிய இடம் மட்டுமே இருந்தது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் தடுத்துவைத்து, அம்மை குத்திய பிறகே கப்பலேற்றினர். முதல் வகுப்பினருக்கு அந்த முகாம்வாசம் இல்லை.

1939இல் இந்திய அரசு தோட்டக் கூலிகள் இலங்கை செல்வதைத் தடைசெய்தது. 1944இல் கம்பெனி அரசுடைமையாகி, 1951இல் தெற்கு ரயில்வேயில் இணைந்தது. 1948க்குப் பின் இலங்கையின் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களால் பயணச்சீட்டு மட்டும் கடலைக் கடக்கப் போதவில்லை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பயணிகள் ரயில் கடலில் மூழ்கியது. அதில் இறந்தோர் நூற்றுக்குச் சற்று மேல் என்றும் இருநூறுக்கு அருகில் என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. சீட்டின்றி ஏறியவர்களைக் கணக்கில் கொள்வதும் விடுவதும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. துறைமுகம் மீளவில்லை.

பின்பு இராமேசுவரம்–தலைமன்னார் இடையே ‘இராமானுஜம்’ கப்பல் ஓடியது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் அதில் வந்து, மண்டபம் முகாமிலேயே தங்கினர். 1980களின் நடுப்பகுதியில் போரால் அதுவும் நின்றது.

2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் சில மாதங்கள் ஓடியது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, சில நாட்களில் நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலுடன் மீண்டது. போரில் சிதைந்த தலைமன்னார் ரயில்பாதை 2015இல் திறக்கப்பட்டது. பாம்பனின் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. போட் மெயில் இராமேசுவரம் விரைவு ரயிலாகத் திருச்சி வழியே இன்றும் ஓடுகிறது.