ஒலியைச் சிறைப்பிடித்தவர்கள் – 14: நாடாவுக்கு வயதாகிறது

“அருமையான வேலைதான், ஆனால் ஒன்றுகூட விற்காது” என்ற பொருளில் இஎம்ஐயின் வால்டர் லெக் ஆரூடம் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். 1959-ல் பதில் கிடைத்துவிட்டது. டெக்கா நிறுவனத்துக்காக ஜான் கல்ஷா தயாரித்து, ஜார்ஜ் ஷோல்டி நடத்திய ‘ரைன்கோல்ட்’ இசைத்தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பாப் பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தது. வாக்னரின் ‘ரிங்’ நான்கு ஓபராக்களில் முதலாவது அது. மற்ற மூன்றும் 1965-க்குள் அதே வியன்னா அரங்கில், அதே வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு பதிவாகி முடிந்தன. மொத்தம் 19 எல்.பி. தட்டுகள்.

அந்தத் தட்டில் என்ன கேட்டது, பின்னால் வந்த சிடியில் என்ன கேட்டது? நாற்பது வருடமாக ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் விஷயம் இது. இரு தரப்பினருமே ஒன்றைக் கவனிக்க மறந்துவிட்டார்கள் என்பது என் கட்சி. அதைச் சொல்வதற்கு முன், ஊசியைத் தட்டில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தட்டின் சரசரப்பு மட்டும்தான். அதற்கு அடியிலிருந்து, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல், டபுள் பாஸ்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு எழுகின்றன. கீழ் இ-ஃபிளாட், வினாடிக்குச் சுமார் 39 அதிர்வு. சற்றுப் பொறுத்து பஸூன்கள் அதன்மேல் பஞ்சமத்தை வைக்கின்றன. தம்புராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை: ஸ, ப, அவ்வளவுதான். அந்த ஒரே சுருதியில் 136 பார்கள். எட்டு ஹார்ன்கள் ஒவ்வொன்றாக வந்து சேர, ரைன் நதி கண்முன் பெருகுகிறது.

தட்டுக்கு முதல் சோதனை இங்கேயே வந்துவிடுகிறது. தாழ்ந்த ஸ்வரம் என்றால் ஊசி போகும் பள்ளம் அகலமாக வளைந்தாடும். அப்படியே வெட்டினால் தட்டில் இடம் போதாது. அதனால் வெட்டும்போது தாழ் ஒலியைக் குறைத்துவிட்டு, வீட்டில் ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபையரில் அதைத் திரும்ப ஏற்றுவார்கள். ஏற்றும்போது டர்ன்டேபிள் மோட்டாரின் உறுமலும் கூடவே ஏறும். ஆக, வாக்னர் மௌனத்திலிருந்து எழுப்பிய ஸ்வரம், தட்டில் இரைச்சலிலிருந்து எழுகிறது.

இன்னொரு சோதனை முடிவில். வெளிவட்டத்தில் ஊசியின் கீழே வினாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும், உள்வட்டத்துக்கு வரும்போது அது 21 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். நுணுக்கமான மேல் ஒலிகள் அந்தக் குறுகிய நீளத்துக்குள் நெரிபடும். நான்காவது ஓபராவின் கடைசிக் காட்சியில் தீ எரிந்து, நதி பொங்கி, தேவலோகமே சாம்பலாகிறது. முழு ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்கும் அந்த இடம், கடைசித் தட்டின் கடைசிப் பக்கத்தில், உள்வட்டத்தில்தான் வந்து விழும். போதாததற்கு, இடைவேளையே இல்லாத இரண்டரை மணி நேர ‘ரைன்கோல்ட்’டைக் கேட்க ஐந்து முறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும்.

இத்தனை குறை இருந்தும் நல்ல பழைய பிரதி ஒன்றைக் கேட்டால் மனசு கரைகிறது. ஓய்விலிருந்து திரும்பி வந்து ஃப்ரிக்காவாகப் பாடிய கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாடின் குரல், ஓர் ஆள் எதிரே நிற்பது போல நிற்கிறது. இந்தக் குளிர்மையும் நெருக்கமும் எங்கிருந்து வந்தன?

1980-களில் டெக்கா அதே பதிவைச் சிடியாக வெளியிட்டது. வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதும் முறை. 1980-லேயே காலமாகிவிட்ட கல்ஷாவுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. சரசரப்பு போனது. தொடக்க ஸ்வரம் நிஜமாகவே மௌனத்திலிருந்து வந்தது. நீபெலுங் குள்ளர்களின் 18 பட்டடைகள் எந்த ஒலியும் நெரிபடாமல் கணீரென்றன. ஆனால் அதுவரை தட்டின் சத்தத்தில் மறைந்திருந்த ஒன்று வெளியே தெரிந்தது: மூலப் பதிவு இருந்த காந்த நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சல். இரைச்சலை அடக்கும் டால்பி முறை டெக்காவுக்கு வந்துசேர்வதற்கு முன்பே ‘ரிங்’ பதிவாகி முடிந்துவிட்டது. வயலின்கள் கூர்மையாகக் குத்துவதாகவும் பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

1997-ல் டெக்காவின் மூத்த பொறியாளர் ஜேம்ஸ் லாக் நாடாக்களை மறுபடி எடுத்தார். இம்முறை 24 பிட், அதாவது ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள். கணினி கொண்டு இரைச்சலைத் துடைத்தார்கள். 14 சிடிகள், சுத்தமான ஒலி. துடைத்தபோது அரங்கின் காற்றும் கொஞ்சம் போய்விட்டது என்று ஒரு சாரார் வருந்தினார்கள்.

நான் சொல்லவந்தது இதுதான். கறுப்புத் தட்டா, வெள்ளித் தட்டா என்று கேட்பதைவிட, அது வெட்டப்பட்டபோது நாடாவுக்கு வயது என்ன என்று கேட்க வேண்டும். ‘ரைன்கோல்ட்’ எல்.பி.க்கு வெட்டும்போது நாடாவுக்கு ஒரு வயதுகூட முழுதாக ஆகியிருக்காது. 1997-ல் அதற்கு 39. காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகும், துகள் உதிரும், உதிர்ந்த துகளோடு மேல் ஸ்வரங்களும் போகும். கருவி வருடாவருடம் முன்னேற, கேட்கவேண்டிய பொருள் வருடாவருடம் தேய்ந்துகொண்டிருந்தது.

பிறகு 2001 ஆகஸ்ட் 16. ‘ரிங்’ பதிவான அந்த வியன்னா அரங்கமான சோஃபியன்சாலில் பழுதுபார்க்கும் வேலையின்போது தீப்பிடித்தது. ஒரு காலத்தில் நீச்சல் குளமாக இருந்து, குளத்தின் குழிவு தரைக்கு அடியில் அப்படியே இருந்ததால் தனி நாதம் பெற்றிருந்த அரங்கம், ஒரே நாளில் எரிந்து கூடானது. இனி அந்த அரங்கின் ஒலி நாடாக்களில் மட்டும்தான்.

2012-ல் ஷோல்டியின் நூற்றாண்டுக்காக ‘ரிங்’ முழுவதும் ஒரே ப்ளூ-ரே தட்டில் வந்தது. ஆவலோடு வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது: மூல நாடாக்கள் மிகவும் சிதைந்துவிட்டன, அதனால் 1997-ன் பிரதியிலிருந்தே இதைத் தயாரித்தோம். அரங்கமும் இல்லை, நாடாவும் இல்லை என்று பலர் முடிவுகட்டினார்கள்.

பத்து வருடம் கழித்து டெக்காவின் பொறியாளர்கள் அந்தப் பெட்டிகளை மறுபடி திறந்து, நாடாக்களை எடுத்து, ஒரு சூட்டடுப்புக்குள் வைத்தார்கள்.

வெந்தது நாடாவா, இசையா? அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்களிடம் எந்தப் பிரதி இருந்தாலும், விளக்கை அணைத்துவிட்டு முதல் நான்கு நிமிடத்தை ஒருமுறை கேட்டுவையுங்கள்.

(தொடரும்)