சாம்பல், புளி, சோடா

காரைக்கால் வீடுகளில் பித்தளைப் பாத்திரம் துலக்க அடுப்புச் சாம்பலும் புளியும் போதுமாயிருந்தன. சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் ஒரு காரம். எண்ணெய்ப் பிசுக்கைச் சிறிது சிறிதாகச் சோப்பாக்கி நீக்கிவிடும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும். ஆகவே தனித்தனியே தேய்க்கவேண்டும்.

1739-இல் இவ்வூரைப் பெற்ற பிரெஞ்சுக்காரரும் தம் நாட்டில் சாம்பலைத்தான் நம்பியிருந்தனர். கடலோரச் செடிகளை எரித்த சாம்பலை ஸ்பெயினிலிருந்து வாங்கிச் சோப்பும் கண்ணாடியும் செய்தனர். அது போதாமற்போகவே, நிக்கோலா லெப்ளாங்க் என்பவர் கறியுப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறையைக் கண்டு, 1791-இல் காப்புரிமை பெற்றார். நாளடைவில் சோடா மலிந்தது. ஆனால் ஆலைகள் கக்கிய ஹைட்ரஜன் குளோரைடு வாயு இங்கிலாந்தில் மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. அதில் 95 விழுக்காட்டை வெளியே விடாமல் பிடிக்கவேண்டுமென 1863-இல் அங்கே சட்டம் வந்தது.

அவ்வாயுவை நீரில் கரைத்தால் கிடைப்பதே, இன்று நாம் கழிவறையில் ஊற்றும் ஆசிட். அதனுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சுக் குளோரின் கிளம்பும். புளியையும் சாம்பலையும் கலந்தால் பாத்திரம்தான் துலங்காது. இவற்றைக் கலந்தாலோ மூச்சே நின்றுவிடக்கூடும்!