ஒரு விளக்கு, பல பணி

அறைக்கு ஒரு விளக்கு வைத்தல் வசதியுடையோர் வழக்கம். ஓரறையிலேயே உண்டு, உறங்கி, வாழ்வோர்க்கோ ஒரே விளக்குச் சமையலுக்கும் படிப்புக்கும் வழிபாட்டுக்கும் உதவ வேண்டும். அன்றைய பம்பாயிலே குடியேறிய தமிழர் பலரின் நிலை இதுவே.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்க்கப்படும் பித்தளைக் குத்துவிளக்கை முதலில் நோக்குவோம். அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சிப் பிரபை ஆகிய நான்கு உறுப்புகளும் மரையால் பொருந்துவன. கழற்றித் துலக்கலாம், துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, நெடுந்தொலைவு கொண்டு செல்லலாம். அன்றாடம் ஒரு முகம் ஏற்றினால் எண்ணெய் மிச்சம். விழாநாளில் ஐந்து முகமும் ஏற்றினால் கூடமெல்லாம் ஒளி. எனினும், அது காற்றுக்கு அணையும். ஏற்றியபின் தூக்கி நடத்தல் எளிதன்று.

இக்குறைகளை நீக்கியது மண்ணெண்ணெயில் எரியும் அரிக்கேன் விளக்கு. கண்ணாடிக் கூண்டு காற்றைத் தடுத்தது. திருகு ஒளியைக் கூட்டிக் குறைத்தது. கைப்பிடி இருந்தமையால் ஆணியில் மாட்டவும், கையில் ஏந்தவும், பாயருகே வைத்துப் படிக்கவும் இயன்றது. மராட்டிய நாட்டில் கராட் அருகே 1916-இல் தோன்றிய ஓகலே கண்ணாடித் தொழிற்சாலையின் 'பிரபாகர்' விளக்கு, இவ்வகையில் புகழ்பெற்ற சுதேசிப் பொருளாகும்.

பம்பாய்த் தெருக்களில் 1865-இல் வாயு விளக்குகள் எரிந்தன. 1896-இல் பரவிய கொள்ளைநோயின் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. அது வகுத்த திட்டத்தில் மாட்டுங்கா உருவாயிற்று. 1905-இல் மின்சார, டிராம் கம்பெனி தோன்றியது. 1915-இல் கொப்போலியிலிருந்து நீர்மின்சாரம் வந்தது. மாட்டுங்கா வீடுகளில் மின்விளக்கு ஒளிர்ந்த பின்னரும், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் குடிசைகளில் மண்ணெண்ணெய்ச் சுடரே நெடுநாள் துணை நின்றது.

மின்சாரம் புகையை ஒழித்தது. கண்ணுக்கு நன்மை செய்தது. ஆயினும், கூரையில் தொங்கும் குமிழ் ஓரறை வீட்டிற்குப் புதிய இடரொன்றையும் தந்தது. பிள்ளை படிக்க அதனை ஏற்றினால், ஆலையில் உழைத்துத் திரும்பிய தந்தைக்கு உறக்கமில்லை. அணைத்தால் பிள்ளைக்குப் படிப்பில்லை. அரிக்கேன் விளக்கின் திரியைத் தாழ்த்தி மூலையில் வைத்துக்கொண்ட வசதி அதில் இல்லை.

இன்று மின்கலத்தால் எரியும் சிறு விளக்குகள் வந்துள்ளன. மாட்டலாம், ஏந்தலாம், ஒளியைக் குறைக்கலாம். பழைய விளக்குகளின் குணங்களே புதிய உருவில் திரும்பியிருக்கின்றன. வீட்டு விளக்கை வடிவமைப்போர் முதலில் கேட்க வேண்டியது, ஓரறையில் வாழ்வோரின் தேவையையே என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.