கரிசல் குடிகளும் தாராவி நிலமும்

நகரின் ஒரு பகுதியில் நிலத்தின் மதிப்பு உயருங்கால், அங்கு நெடுங்காலம் வாழ்ந்த எளியோர் வெளியேற, வசதி படைத்தோர் குடியேறுவது உலகெங்கும் காணப்படுவதாகும். லண்டனை ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ரூத் கிளாஸ் 1964இல் இதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' எனப் பெயரிட்டார். இதனை அறிய நாம் லண்டன்வரை செல்ல வேண்டுவதில்லை. நம் மக்கள் சென்று குடியேறிய மும்பைத் தாராவியே போதிய சான்றாகும்.

கோவில்பட்டி வட்டாரம் 1986இல் தனி மாவட்டம் பிரியும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வானம் பார்த்த அக்கரிசல் பூமியில் பருத்தியும் கம்பும் உளுந்தும் மழையை நம்பியே விளைந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில் மக்கள் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். அன்றைய திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய் சென்ற முஸ்லிம் தோல் வணிகர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் தாராவிச் சதுப்பின் ஓரத்தில் தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தனர். அங்கு 1887இல் பெரிய பள்ளிவாசலும், 1913இல் கணேசர் கோயிலும், 1924இல் தமிழ்ப் பள்ளியும் எழுந்தன. பிற பகுதிகளிலிருந்து வந்த குயவர் முதலானோருடன் சேர்ந்து சதுப்பை மேடாக்கி, வாழத்தக்க நிலமாக ஆக்கியவர்கள் இவர்களே. ஆயினும் நிலத்தின் உரிமை பெரும்பாலும் அரசிடமும் மாநகராட்சியிடமுமே இருந்தது.

அருகே பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் வளர்ந்தபின் தாராவியின் மதிப்பு பன்மடங்காயிற்று. 2004இல் மறுசீரமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்னர் வந்து தரைத்தளத்தில் வாழ்வோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது விதி. பின்வந்தோருக்கும் மாடியில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோதான் வீடு. ஒரே சந்தில் வாழும் இரு குடும்பங்களை ஒரு தேதி பிரித்துவிடுகிறது. வீடே பட்டறையாகவும் இருக்கும் தாராவியில், இடம் மாறுவோர் வீட்டுடன் தொழிலையும் இழக்க நேரிடும்.

இதற்கு மாற்று உண்டா? நம் ஃபிக்ஹு நூல்களில் அதன் வித்து இருப்பதைக் காண்கிறோம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலம் குறித்து உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவை அறம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, கொடையளிக்கப்படாது, வாரிசுரிமையாகவும் ஆகாது. இதுவே வக்ஃபின் அடிப்படையாகும். பிற்காலத்தில் எகிப்திலும் ஷாமிலும் 'ஹிக்ர்' எனும் நீண்டகாலக் குத்தகை வழங்கிற்று. நிலம் வக்ஃபுக்குரியது, அதன்மேல் எழுப்பிய கட்டடம் குடியிருப்போனுக்குரியது. நிலத்தின் மதிப்பு தானே உயர்ந்தால் வாடகையை உயர்த்தலாம். குடியிருப்போன் கட்டியதால் உயர்ந்த மதிப்புக்கு அவனிடம் கூடுதல் வாடகை கேட்கலாகாது என ஹனஃபி அறிஞர்கள் வகுத்தனர். தன் உழைப்பே ஒருவனைத் துரத்தும் நிலை வராமல் காத்த நுட்பமான சட்டம் இது.

இத்தகைய ஏற்பாடு இன்றும் இயலும் என்பதற்குப் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரம் சான்று. அங்குக் கான்யோ மார்ட்டின் பென்யா கால்வாயோரக் குடியிருப்புகளின் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்கள் அறக்கட்டளையின்கீழ் வைக்கப்பட்டது. வீடு குடும்பத்தினுடையது, நிலம் சமூகத்தினுடையது. கால்வாயைச் சீரமைத்து மதிப்பு உயர்ந்தாலும் குடிகள் வெளியேற வேண்டியதில்லை.

வக்ஃப் எனும் பெயர் மட்டும் நிலத்தைக் காத்துவிடாது என்பதையும் நாம் உணர வேண்டும். அற்பக் குத்தகைக்கு வணிகர் கையில் சிக்கியுள்ள வக்ஃப் சொத்துகள் ஊர்தோறும் உள்ளன. அவற்றை மீட்டு, ஒரு பகுதியையேனும் எளியோர் குடியிருப்புக்கு ஹிக்ர் முறையில் ஒதுக்கினால் அரசுக்கே அது முன்மாதிரியாகும். தாராவிக் குடிகளுக்காகக் குரல் கொடுப்போர் முதலில் செய்யத்தக்க பணியும் இதுவே.